மிஸஸ் பிளங்கெட் எழுந்திருக்கும் நேரம்

இன்னும் இல்லை, இன்னும் இல்லை, டெஸ்மண்ட் அந்தச் சர்க்கரை வசனத்தைச் சொல்லி முடிக்கட்டும், அதற்கப்புறம்தான் எழுந்திருக்க வேண்டும், அதுவரை மூக்கு அரித்தாலும் சரி, கூரையே இடிந்து விழுந்தாலும் சரி, லோர்னா ஹாடிக்ஸ் செத்த பிணம்தான்... மூக்கு அரிக்கத்தான் செய்தது. முகத்தில் அப்பியிருந்த வெள்ளைப் பவுடர் வியர்வையில் ஊறி மேலுதட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. வெளியே பர்பாங்க் ஊரில் ஆகஸ்ட் வெயில் தார் ரோட்டை உருக்குகிறது, இங்கே ஸ்டூடியோவுக்குள் அக்டோபர் மாதக் கடைசி, பூசணிக்காய்க்குப் பல் செதுக்கி, உள்ளே விளக்கு வைத்து, புகை விட்டு... ஹாலோவீன் என்கிற பேய் நாளுக்கான எபிசோட் என்றால் வருஷா வருஷம் இதே கூத்துதான், கோடையிலேயே எல்லோருக்கும் பேய் பிடித்துவிடும். சவப்பெட்டிக்குள் சிவப்பு வெல்வெட் தைத்திருந்தார்கள். பார்க்க அழகு, படுத்தால் அடுப்பு. எந்தப் புண்ணியவான் வெல்வெட் என்று முடிவு செய்தானோ, அவனை ஒரு நாள் இதில் படுக்கவைத்து மூட வேண்டும்.

ஆனால் தட்ட மாட்டாள். மூச்சு முட்டினால் உள்ளேயிருந்து தட்டுங்கள், உடனே திறந்துவிடுகிறோம் என்று சொல்லியிருந்தார்கள், தட்டினால் கதை முடிந்தது, அடுத்த நிமிடமே அந்த ரப்பர் பொம்மையைக் கொண்டுவந்து போட்டுவிடுவார்கள். திங்கட்கிழமை எல்லோரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து வசனம் வாசித்தபோதே ஆஸ்ட்ராண்டர் ஆரம்பித்துவிட்டான். இந்தச் சிரிப்புத் தொடரை எழுதுவதும் அவன்தான், நடத்துவதும் அவன்தான். "லோர்னா, உங்க முதுகை எதுக்கு வீணா பாடுபடுத்தணும்? ஸ்பிரிங் வச்சு ஒரு பொம்மைய எழுப்பிடலாம். குரலை அப்புறமா சேத்துக்கலாம்." அவள் சொன்னாள், "பொம்மைக்குச் சிரிக்க வைக்கத் தெரிஞ்சா, என் சம்பளத்தையும் அதுக்கே குடுத்துடுங்க." எல்லோரும் சிரித்தார்கள், ஆஸ்ட்ராண்டரும் சிரித்தான், சிரித்துக்கொண்டே, அவள் நடிக்கும் மிஸஸ் பிளங்கெட்டுக்கு ஃப்ளோரிடாவில் ஒரு அக்கா இருப்பதாக அடுத்த சீசனில் எழுதலாமா என்று யோசிக்கிறோம் என்றான். இந்தத் தொழிலில் இத்தனை வருஷம் இருப்பவளுக்கு அது புரியாதா? திடீரென்று ஒருத்திக்கு வெளியூர் அக்கா முளைத்தால் மூட்டை கட்டச் சொல்கிறார்கள் என்று அர்த்தம். எட்டு சீசனாகப் பக்கத்து வீட்டிலிருந்து கதவைக்கூடத் தட்டாமல் உள்ளே வந்து சர்க்கரை கேட்கிற மிஸஸ் பிளங்கெட் யார், அவள்தானே? ஜனங்கள் சிரிப்பது அந்த வசனத்துக்கா? இந்த முகத்துக்கு. இன்று பெட்டியிலிருந்து இந்த முகம் எழும்போது கூரை பிய்த்துக்கொண்டு போக வேண்டும், அதைக் கேட்ட பிறகு அக்காவைப் பற்றிப் பேசட்டும் பார்க்கலாம்.

இன்றைய கதைப்படி, பேய் நாளில் செத்துப்போன மிஸஸ் பிளங்கெட்டின் பெட்டியை வேறு வழியில்லாமல் அந்தக் குடும்பம் வரவேற்பறையில் வைத்திருக்கிறது, வீட்டுக்காரனாக நடிக்கும் டெஸ்மண்ட் பெட்டியைப் பார்த்து, இனிமேல் சர்க்கரை கேட்டு யாரும் வரமாட்டார்கள் என்பான், அவள் எழுந்து உட்கார்ந்து, "சர்க்கரை வேணாம், காபித்தூள் இருக்கா?" என்பாள். அவ்வளவுதான் விஷயம். ஆனால் வசனம் அதுவரை வரவே இல்லை. முதல் டேக்கில் டெஸ்மண்ட் சொன்ன வவ்வால் ஜோக்குக்கு எதிரே படப்பிடிப்பைப் பார்க்க உட்கார்ந்திருந்த கூட்டத்தில் யாரோ இருமினார்கள், சிரிப்பே இல்லை, நிறுத்திவிட்டார்கள். இனி எழுத்தாளர்கள் ஜோக்கை மாற்றக் காமிராவுக்குப் பின்னால் கூடிக் குசுகுசுப்பார்கள், கூட்டம் சலித்துப்போகாமல் ஒருவன் மிட்டாய் வீசி வேடிக்கை காட்டுவான். பலகைக்கு வெளியே செருப்புச் சத்தம். யொலாண்டாதான், செட்டில் எல்லோரையும் மேய்ப்பவள்.

"லோர்னா, உசுரோட இருக்கீங்களா?"

"இருக்கேம்மா. வெளியில சொல்லிடாத."

"திறக்கட்டுமா? கொஞ்சம் காத்து வாங்கிக்குங்க."

"வேணாம் யொலாண்டா. மூடி மேல ஒட்டடை ஒட்டவே செட் போடுற பிள்ளைங்க மத்தியானம் பூரா செத்தாங்க. திறந்தா எல்லாம் போச்சு."

"பிடிவாதம்னா உங்ககிட்டதான் கத்துக்கணும்" என்று சொல்லிவிட்டு அவள் போனாள், யாரோ கூப்பிட்டார்கள் போல. பிடிவாதமா... ஆமாம், பிடிவாதம்தான், அது இல்லாவிட்டால் எங்கேயோ டேட்டன் ஊரிலிருந்து பஸ் ஏறி வந்த பெண் இங்கே என்ன கிழித்திருப்பாள்? முதல் வேலையே பிணம்தான், ஒரு துப்பறியும் தொடரில் குளத்தங்கரையில் குப்புறக் கிடக்கும் பிணம், அசையாமல் அரை நாள் கிடந்தாள், டைரக்டர் வந்து, நீ ரொம்ப நன்றாகச் சாகிறாய் என்று பாராட்டினார், அன்றைக்கே அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னாள். அப்புறம் ஆஸ்பத்திரித் தொடரில் பிணம், அப்புறம் ஒரு வரி, அப்புறம் இரண்டு வரி, அப்புறம் சர்க்கரை. இப்போது திரும்பவும் பிணம். வந்த வழியே திருப்பி அனுப்புகிறார்களா? சீ, என்ன நினைப்பு இது, காற்று குறைந்தால் புத்தி இப்படித்தான் போகும். தொடையில் நரம்பு இழுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கால் கட்டைவிரலை ஆட்டினாள், நரம்பு விட்டது, தட்டவில்லை.

மணி அடித்தது. அமைதி. டெஸ்மண்டின் குரல் பலகை வழியாகக் கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது, வவ்வால் ஜோக்கையே காணோம், அதற்குப் பதில் என்னமோ பீட்சா என்கிறான், கூட்டம் சிரிக்கிறது, நல்லது, நல்ல மாற்றம்தான், இனி சர்க்கரை வரும், முழங்கையை ஊன்றித் தயாராக... "சரி, எல்லாரும் வாங்க, பீட்சா ஆறுது" என்றான் டெஸ்மண்ட். அப்புறம் ஒன்றுமில்லை. சர்க்கரை எங்கே? மறந்துவிட்டானா? டெஸ்மண்டா, அவன் தூக்கத்தில்கூட வசனம் மறக்காதவனாயிற்றே... "பீட்சா ஆறுதுன்னு சொன்னேன்" என்றான் மறுபடியும், கொஞ்சம் அழுத்தி, அந்த அழுத்தத்தில் அவளுக்குப் புரிந்துவிட்டது. மாற்றிவிட்டார்கள். சர்க்கரையையே தூக்கிவிட்டார்கள். அவள் எழ வேண்டிய வசனம் இப்போது அந்தப் பீட்சாதான். புது வசனத்தை ஒவ்வொருவரிடமும் முகத்துக்கு நேரே போய்ச் சொல்வதுதான் இங்கே வழக்கம், மூடிக்குள் கிடப்பவளிடம் யார் போய்ச் சொல்வார்கள், யொலாண்டா சொல்லியிருப்பாள் என்று ஆஸ்ட்ராண்டர் நினைத்திருப்பான், எழுத்தாளர்கள் சொல்லியிருப்பார்கள் என்று யொலாண்டா நினைத்திருப்பாள்... அவளுக்கு ஆத்திரமாக வந்தது, அழுகையும் வந்தது, இரண்டையும் விழுங்கினாள். என்ன சொல்லி எழுவது? காபித்தூள் இனி பொருந்தாது. காளான் போட்ட பீட்சாவா என்று கேட்கலாம். ஆமாம், அதுதான், எழுந்து, கண்ணை உருட்டி, காளான் போட்டதா...

அப்போது கூட்டத்தில் ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். பின்னால் இன்னொருவர். டெஸ்மண்ட் பெட்டிப் பக்கம் நடந்து வரும் சத்தம். அவன் குனிந்திருக்க வேண்டும், விரல் மடித்து மூடியில் மரியாதையாகத் தட்டினான், "மிஸஸ் பிளங்கெட்? வீட்ல இருக்கீங்களா?" அவ்வளவுதான், வெடித்தது. எட்டு சீசனில் அவள் கேட்டிராத சிரிப்பு, பலகை அதிர்ந்தது, வெல்வெட் அதிர்ந்தது, அவள் பல்லுக்குள் அதிர்ந்தது. மூடியில் உள்ளங்கையை வைத்தாள். சிரிப்பு உச்சியிலிருந்து லேசாக இறங்கும்போது அடுத்ததைப் போட வேண்டும், அதுதான் தொழில், இதோ இறங்குகிறது, இப்போது தள்ளு... தள்ளவில்லை. எழுந்தால் இந்தச் சிரிப்பு உடைந்துவிடும் என்று அவள் உடம்பு முழுக்கத் தெரிந்தது, நாற்பது வருஷம் பழகிய உடம்பு பொய் சொல்லாது. எழாவிட்டால்? எழாவிட்டால் பெட்டிக்குள் ஆளே தேவையில்லை என்று ஆஸ்ட்ராண்டர் இந்த நிமிடம் பார்த்துக்கொண்டிருப்பான், பொம்மைகூட வேண்டாம், காலிப் பெட்டி போதும். முகத்துக்குத்தானே சிரிக்கிறார்கள் என்று நினைத்திருந்தாள்... அவள் உள்ளே கிடக்கிறாள் என்பதால் சிரிக்கிறார்களா, இல்லை, வராமல் இருக்கிறாள் என்பதாலா? டெஸ்மண்ட் மறுபடி தட்டினான். மறுபடி வெடித்தது, முன்னைவிடப் பெரிதாக. இன்னும் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், கையை மூடியிலிருந்து எடுத்து மார்பின் மேல் வைத்துக்கொண்டாள், பிணம் வைத்துக்கொள்வதைப் போலவே, கொஞ்சம்கூட ஆடாமல். கன்னத்தில் பவுடர் பிளந்து விரிவதை உணர்ந்தபோதுதான் தானும் சிரித்துக்கொண்டிருப்பது தெரிந்தது, இன்று அவள் காட்டிய ஆகச் சிறந்த முகம் அதுவாகத்தான் இருக்க வேண்டும், இருட்டில், ஒரு காமிராவுக்கும் தெரியாமல்.