முப்பத்தொரு ஜோடிக் கால்கள்

கொலுவில் வைக்கிற பெண் பொம்மைகளுக்குப் பெரும்பாலும் கால் கிடையாது. புடவை கீழே இறங்கி அப்படியே பீடத்தோடு ஒட்டிக்கொள்ளும். பொம்மைக்காரத் தெருவில் கண்ணாயிரம் அண்ணன் கடையில் பதினாறு வருடமாக வர்ணம் தீட்டுகிறேன். அங்கே இருக்கிற அச்சுகளையெல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டேன். நடனமாடுகிறவளுக்கு மட்டும் கால் இருந்தது. அதிலும் சலங்கை.

எனக்கு வேண்டியது வெறுங்கால்.

நவராத்திரிக்கு முன்னால் பொம்மைக்காரர்கள் சங்கத்தில் ஒரு கண்காட்சி வைத்தார்கள். தலைப்பு, நம்ம ஊர் வரலாறு. மற்றவர்கள் பல்லவர் சபை, தேரோட்டம் என்று எடுத்துக்கொண்டார்கள். நான் பக்கத்திலிருக்கிற வாலாஜாபாத்தில் என் அம்மா செல்லியம்மாள் வேலை பார்த்த ரைஸ் மில்லின் நெல் களத்தை எடுத்தேன். அவித்த நெல்லைக் களத்தில் பரப்பி, பெண்கள் நடந்து நடந்து காலாலேயே துழாவிக் காய வைப்பார்கள். எண்பத்திரண்டாம் வருடம் கத்திரி வெயிலில் ஒரு நாள் காலையில், உச்சிப்பொழுதில் இரண்டு மணி நேரம் ஓய்வு வேண்டும் என்று கேட்டு முப்பத்தொரு பெண்கள் களத்தை விட்டு வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார்கள். முதலாளியே இறங்கித் துழாவிப் பார்த்து, சூடு தாங்காமல் அன்று சாயங்காலமே ஓய்வு கொடுத்தார்.

அம்மா இதைப் பற்றிப் பேசியதே இல்லை. ஊரில் மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். அம்மா போய் ஒன்பது வருடம் ஆகிறது. அந்த முப்பத்தொரு பேரில் அவளும் ஒருத்தி என்று நான் போகிற இடமெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

ஐந்தடிக்கு மூன்றடி பலகை. நான்கு அங்குல உயரத்தில் காகிதக்கூழ் பெண்கள். முழங்கால் வரை தூக்கிச் செருகிய புடவை, அதற்குக் கீழே கம்பி வைத்துக் கட்டிய கால்கள். கால்களுக்கு மட்டுமே நான்கு மாதம் ஆனது. களத்துக்குள் வேட்டியைத் தூக்கிக்கொண்டு குதிக்கிற முதலாளி. நெல்லுக்கு ரவையை வறுத்து வர்ணம் கலந்து பரப்பினேன். என் கணவர் வசந்த் ஷேர் ஆட்டோவை நிறுத்திவிட்டு உள்ளே வரும்போதெல்லாம் கேட்பார்: "உப்புமா ரெடியா?"

கண்ணாயிரம் அண்ணன் வந்து பார்த்தார். "நல்லாதாம்மா இருக்குது. ஆனா எல்லாரும் சும்மா நின்னுக்கினு இருக்கறாங்களே. கையில ஒரு முறமாவது குடேன்."

"சும்மா நின்னதுதாண்ணா வரலாறே."

"இன்னாமோ போ," என்றார். ஆனால் முன் வரிசையில், இடுப்பில் கை வைத்து நின்ற பொம்மையிடம் வெகுநேரம் நின்றார். அது அம்மா. அவளுடைய உள்ளங்காலின் தடிப்பும் வெடிப்பும் எனக்கு மனப்பாடம். நின்றால் தெரியாத அந்த வெடிப்புகளைக்கூட ஒற்றை மயிர்த் தூரிகையால் போட்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை திறப்பு. வெள்ளிக்கிழமை காலையில் வாலாஜாபாத்திலிருந்து கமலாட்சி பெரியம்மா பஸ் ஏறி வந்தாள். அம்மாவோடு களத்தில் வேலை பார்த்தவள். மரம் சரியாக இருக்கிறதா, களத்துச் சுவர் சரியா என்று பார்த்துச் சொல்ல நான்தான் கூப்பிட்டிருந்தேன்.

பலகையைச் சுற்றி வந்தாள். "ஐயே, இது காந்தா! மூக்க பாரு. இவ புவனேஸ்வரி, வெத்தலை வாயி. அடியே, என்னை ஏன் இவ்ளோ குண்டா செஞ்சிருக்க?"

"நீங்க அப்பவே குண்டுன்னு காந்தா பெரியம்மா சொன்னாங்க."

"அவ சொல்லுவா." சிரித்துக்கொண்டே முன் வரிசைக்கு வந்தாள். "இது யாரு?"

"அம்மா."

சிரிப்பு நின்றது. கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். மறுபடி போட்டுக்கொண்டாள்.

"செல்லி இங்க இல்லடி."

"எங்க இருந்தாங்க?"

விரல் களத்தின் நடுவுக்குப் போனது.

"உள்ள. நாங்க முப்பது பேரும் மரத்தடில இருக்கறோம். அவ ஒருத்தி துழாவிக்கினு இருக்கா. உங்கப்பன் ரத்தமா இருமிக்கினு படுத்திருந்த வருசம் அது. மொதலாளி நாற்காலிய போட்டுக்கினு சொல்றான், 'ஒருத்தி போதும்டி எனக்கு, களம் நிக்கல'ன்னு. நாங்க அவள பேசாத பேச்சு இல்ல. நானே மண்ண அள்ளி வீசினேன்."

நான் பலகையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்பால?"

"வெயில் உச்சிக்கு ஏறுச்சு. நின்னா. ஒரு கால தூக்கி உள்ளங்கால பாத்தா. நேரா எங்ககிட்ட நடந்து வந்துட்டா. அவ வெளிய கால வெக்க, மொதலாளி உள்ள ஓடறான். அவிச்ச நெல்லு, வுட்டா கெட்டுப்பூடுமில்ல? நாலு தடவ குதிச்சான். அஞ்சாவது தடவ 'செருப்ப கொண்டாடா'ன்னான்." சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வந்து, வந்த வேகத்தில் போயிற்று. "அவ வர்ற வரிக்கும் களம் ஓடிக்கினுதான் இருந்துச்சு பொன்னி. அவ வந்தப்புறம்தான் நின்னுச்சு."

முன் வரிசைப் பொம்மையை மறுபடி குனிந்து பார்த்தாள். பிறகு சொன்னாள்: "இப்படியே வுட்டுடு. நல்லாதான் நிக்கறா. யாருக்குத் தெரியப்போவுது?"

அவள் போன பிறகு நெடுநேரம் பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். முதலில் வெட்கமாகத்தான் இருந்தது. இத்தனை வருடம் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். அம்மா ஏன் பேசவில்லை என்பதும் இப்போது புரிந்த மாதிரி இருந்தது. மரத்தடியில் நின்ற முப்பது பேருக்கும் பக்கத்தில் ஒரு தோள் இருந்தது. அவளுக்கு வீட்டில் இருமிக்கொண்டிருந்த என் அப்பா இருந்தார். எதிரே, மண்ணை வாரி வீசியவர்கள் இருந்தார்கள். அந்த மண் வந்த திசையை நோக்கித்தான் அவள் நடந்திருக்கிறாள். இதைச் செய்து காட்டாமல் வேறு எதைச் செய்வது?

சனிக்கிழமை காலையில் கத்தியை எடுத்தேன். அம்மா பொம்மையைப் பெயர்க்கும்போது அதன் இடது கணுக்கால் ஒடிந்தது. கண்ணாயிரம் அண்ணன் பதறிவிட்டார்.

"நாளைக்கு தெறப்பும்மா! முன்னாடி ராணி மாதிரி நிக்கற உங்கம்மாவ ஏன் எடுக்கற?"

"அவங்க அங்க நிக்கலண்ணா."

கம்பியை வளைத்துக் காலை மறுபடி கட்டினேன், இந்த முறை நடக்கிற காலாக. இடுப்பிலிருந்த கையை இறக்கிவிட்டேன். பிறகு ரவையைச் சமன் செய்து, இரண்டு தீக்குச்சிகளை ஒன்றாகப் பிடித்துக்கொண்டு, களத்தின் ஒரு மூலையிலிருந்து, கால் துழாவிய தடம் போலக் கோடு இழுக்கத் தொடங்கினேன். போய், திரும்பி, போய், திரும்பி. முப்பத்தொரு பேர் துழாவ வேண்டிய நெல். காலையிலிருந்து ஒருத்தியே நடந்தால் எவ்வளவு வரும் என்று எண்ணிப் பார்த்து இழுத்தேன். பாதிக் களம் வந்தது. முதுகு விட்டுப்போயிற்று. கடைசிக் கோடு பாதியில் திரும்பி, குறுக்கே வேப்பமரத்தை நோக்கிப் போனது. அதன் முடிவில் அம்மாவை வைத்தேன். ஒரு கால் நெல்லில், ஒரு கால் நிழலில். அவளுக்குப் பின்னால், களத்துக்குள், வேட்டியைத் தூக்கிக்கொண்டு குதிக்கிற முதலாளி.

தள்ளி நின்று பார்த்தேன். நான் செய்ததிலேயே நல்ல வேலை அதுதான். யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் கூட்டம். பல்லவர் சபைக்கு விளக்கெல்லாம் போட்டிருந்தார்கள். ஆனாலும் எங்கள் பலகையை விட்டு ஜனம் நகரவில்லை. குதிக்கிற முதலாளியைப் பார்த்துச் சிரித்தார்கள், பிறகு குனிந்து கால்களைப் பார்த்தார்கள், பிறகு சிரிக்கவில்லை. பட்டுப்புடவை கட்டிய ஒரு அம்மாள் களத்தின் கோடுகளை விரலால் தொடர்ந்துகொண்டே வந்து ஓரத்தில் நிறுத்தினாள்.

"இவதான் மொதல்ல வெளிய வந்தவளா?"

"இல்லம்மா," என்றேன். "கடைசியா வந்தவங்க. எங்கம்மா."