இத்தாவும் ஆயிரம் கிலோமீட்டரும்

என் மருமகள் ஷஹனாஸ் சைக்கிள் ஓட்டுவதற்காகவே பிறந்தவள் என்று என் மகன் உஸாமா சொல்வான். அப்படியென்றால் எதற்குக் கல்யாணம் செய்துகொண்டாள் என்று நான் கேட்பேன். அவன் சிரிப்பான். எதைச் சொன்னாலும் சிரிக்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு ஒரு மாமியார் எப்படித்தான் சண்டை போடுவது?

திருச்சி பாலக்கரையில் எங்கள் வீடு. என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு நாங்கள் மூன்று பேர்தான். உஸாமாவுக்கு மொபைல் கடை. ஷஹனாஸுக்குத் தில்லைநகரில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை. காலையில் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருவாள். இத்தனைக்கும் நடுவில் அவளுக்கு ஒரு பந்தயம். ஆயிரம் கிலோமீட்டர். மூன்று நாள், மூன்று ராத்திரி, சைக்கிளிலேயே. சம்பளம் உண்டா என்று கேட்டேன். நாம்தான் பணம் கட்ட வேண்டுமாம்.

வேலைக்குப் போகிற பெண் அப்படி ஒரு பந்தயத்துக்குத் தயாராவது என்றால் என்னவென்று என்னைக் கேளுங்கள். ஊர் எழுந்திருக்கும் முன்னால் சைக்கிளை எடுக்க வேண்டும். காவிரிப் பாலம் தாண்டி, ஸ்ரீரங்கம் தாண்டி, கொள்ளிடம் தாண்டி, லால்குடி வரை போய்த் திரும்ப வேண்டும். வந்து குளித்துவிட்டு ஆபீசுக்கு ஓட வேண்டும். சாயங்காலம் வந்தால் இரண்டு காலையும் சுவரில் தூக்கி வைத்துக்கொண்டு கிடப்பாள். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே தூங்கிப்போய் தட்டில் தலையை வைத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மனுஷர்கள் ஓய்வெடுக்கிற நாள் அல்லவா? அன்றைக்குத்தான் அரியலூர் வரை போவாள்.

இருட்டில் தனியாகப் போகிற பெண்ணை நம் ஊர் சும்மா விடுமா? அதனால் உஸாமா ஸ்கூட்டரில் பின்னாலேயே போவான். அவன் விளக்கு வெளிச்சத்தில் அவள் ஓட்டுவாள். பந்தயத்திலும் பின்னால் ஒரு வண்டி கட்டாயம் வர வேண்டுமாம். அதற்கும் அவன்தான் என்று முடிவாகியிருந்தது. பள்ளிவாசலில் அவனுடைய சேக்காளிகள் கேலி செய்தார்கள். அவன் விடியற்காலை பஜர் தொழுகைக்கு முன்னாலேயே கிளம்பிப் போய், திரும்பி வந்து, தவறிய தொழுகையைக் களாவாகத் தொழுவான். அதற்கும் நான் திட்டுவேன்.

"அவ முதுகப் பாத்துக்கிட்டே போறது எனக்குப் புடிச்சிருக்கும்மா" என்றான் ஒரு தடவை. பெற்ற தாயிடம் பேசுகிற பேச்சா அது? ஆனால் அதைச் சொல்லும்போது அவன் முகம் அவ்வளவு அழகாக இருந்தது.

ஒரு மார்கழிக் காலையில், விடிவதற்கு முன்னால், என் போன் அடித்தது. உஸாமாவின் நம்பர். பேசியது வேறு யாரோ. வாழை இலைக் கட்டு ஏற்றிவந்த வேன்காரராம். வாளாடிக்கு முன்னால் ரோட்டோரம் உங்கள் பையன் விழுந்து கிடந்தான், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருக்கிறேன், சீக்கிரம் வாருங்கள் என்றார். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. நெஞ்சு வலி. முப்பத்து நாலு வயது. வேன்காரர் கிளம்பிப் போயிருந்தார். அவர் பேரைக்கூட யாரும் கேட்டு வைக்கவில்லை.

ஷஹனாஸ் எனக்கும் ரொம்ப நேரம் கழித்துத்தான் வந்தாள். தலையில் ஹெல்மெட்டோடு, ஆஸ்பத்திரி வராந்தாவில், கையில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு. போனில் ஆஸ்பத்திரிக்கு வா என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். அவன் இல்லை என்று, அவனோடு போனவளுக்கு நான் சொல்ல வேண்டியிருந்தது.

அதுதான் என் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. கூடவே போனவள் எங்கே இருந்தாள்? ஜனாஸா அடக்கத்துக்குப் போனது, சொந்தக்காரர்கள் வந்தார்கள், போனார்கள். பொண்டாட்டிக்குப் பின்னால் வண்டி ஓட்டியே செத்தான் என்று என் காதுபடவே பேசினார்கள். நான் மறுக்கவில்லை. நானும் அதைத்தான் நினைத்தேன்.

ஷஹனாஸ் இத்தாவில் உட்கார்ந்தாள். புருஷனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. ஆடிட்டர் நல்ல மனுஷன், வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லிவிட்டார். நாளெல்லாம் ரூமில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கூப்பிட்டால் வந்து சாப்பிடுவாள். ஒரே வீட்டில் இரண்டு பேர் அழுதோம், தனித்தனியாக.

மணப்பாறையிலிருந்து அவளைப் பெற்ற அத்தா வந்தார். இத்தா முடிந்ததும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார். நியாயம்தானே? பிள்ளை குட்டியும் இல்லை, சின்ன வயசு. இவள் ரூம் வாசலில் நின்றுகொண்டு சொன்ன பதிலைக் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"பந்தயத்த முடிச்சிட்டு வரேன் அத்தா. அதுவரைக்கும் இங்கதான் இருப்பேன்."

என் மகனை விழுங்கிய பந்தயம் இன்னும் இவள் மனதில் இருக்கிறதே என்று வயிறு எரிந்தது. அன்றிலிருந்து ஒரு வாரம் நான் அவளோடு பேசவில்லை. அவளும் கவனித்ததாகத் தெரியவில்லை. அது இன்னும் எரிச்சல்.

அதற்கப்புறம்தான் அந்தச் சத்தம் ஆரம்பித்தது. ரூமுக்குள்ளிருந்து உய்ய்ய் என்று விடாமல் ஒரு இரைச்சல். சைக்கிளின் பின்சக்கரத்தை ஒரு இரும்பு ஸ்டாண்டில் மாட்டிவிட்டு, நின்ற இடத்திலேயே ஓட்டுகிறாள். ஆபீஸ் வேலை முடிந்ததும் ஏறினால் ராத்திரி இஷா பாங்கு சொல்லும்வரை இறங்குவதில்லை. இத்தாவில் இருக்கிற பெண் இப்படிச் செய்யலாமா கூடாதா? பள்ளிவாசல் ஹஸரத்திடம் போய்க் கேட்கலாம். என்னவென்று கேட்பது? என் மருமகள் ரூமுக்குள்ளேயே லால்குடி போய் வருகிறாள் என்றா?

ஒரு நாள் என் நாத்தனார் மஜீதா வந்திருந்தாள். பிறத்தியார் வீட்டில் ஊசி விழுந்தாலும் கேட்கிற காது அவளுக்கு.

"என்னா மச்சி சத்தம் அது?"

"கிரைண்டர் ஓடுது" என்றேன்.

"அடுப்படி இந்தப் பக்கமில்ல இருக்கு?"

"புது கிரைண்டர். அங்க வச்சிருக்கோம்."

மஜீதா போகும்வரை மாவு அரைபட்டுக்கொண்டே இருந்தது. அவள் தலை மறைந்ததும் எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. இவளுக்காக நான் எதற்குப் பொய் சொல்ல வேண்டும்? இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று போய்க் கதவைத் தள்ளினேன்.

முக்காடு போட்டுக்கொண்டு ஓட்டிக்கொண்டிருந்தாள். வேர்வை சொட்டித் தரை நனைந்திருந்தது. ஏழெட்டு மிதி மிதிப்பாள், தலையைத் திருப்பிப் பின்னால் பார்ப்பாள். மறுபடி மிதிப்பாள், மறுபடி திரும்பிப் பார்ப்பாள். பின்னால் இருந்தது சுவர். சட்டை மாட்டுகிற ஆணி. வேறு ஒன்றும் இல்லை.

என் கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. பயமாக இருந்தது.

"என்னம்மா பண்றே? அங்க யாரு இருக்கா?"

கால்கள் நின்றன. சக்கரம் மட்டும் கொஞ்ச நேரம் சுற்றியது.

"பழகுறேன் மாமி. திரும்பிப் பாக்கப் பழகுறேன்."

"எதுக்கு?"

அவள் இறங்கவில்லை. ஹேண்டில் மேலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டு சொன்னாள்.

"அன்னிக்கு நான் திரும்பியே பாக்கல மாமி. பின்னாடி வெளிச்சம் வந்துக்கிட்டே இருந்துச்சு. அவங்கதான்னு நெனச்சேன். நல்ல வேகம் கெடைச்சுது அன்னிக்கு, நிறுத்த மனசில்ல. லால்குடி வந்தப்பதான் அந்த வண்டி என்னத் தாண்டிப் போச்சு. பால் கேன் கட்டின டிவிஎஸ் பிப்டி. யாரோ ஒரு பெரியவரு. அவரு வண்டில வெளிச்சம் கம்மியாம். என் சைக்கிள்ல எரியுற செவப்பு லைட்டப் பாத்துக்கிட்டே வந்தாராம். ரொம்ப நன்றிம்மான்னு சொல்லிட்டுப் போனாரு."

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

"எங்க நின்னாங்க, எப்ப விழுந்தாங்க, கூப்பிட்டாங்களா, எதுவும் எனக்குத் தெரியாது மாமி. யாரோ ஒருத்தர் வெளிச்சத்துல நான் சந்தோஷமா ஓட்டிக்கிட்டுப் போயிருக்கேன்."

அத்தனை வசவும் என் வாய்வரை வந்து நின்றது. ஒன்றையும் சொல்லவில்லை. என் நல்ல குணம் என்று நினைத்துவிடாதீர்கள். ஆரம்பித்தால் நிறுத்த முடியாது என்று பயந்தேன். முதுகைப் பார்த்துக்கொண்டே போவது பிடிக்கும் என்றானே. கடைசியாக அவன் கண்ணில் பட்டது தூரத்தில் சிறிதாகிக்கொண்டே போன அந்தச் சிவப்பு விளக்காகத்தான் இருந்திருக்கும். அதை நினைக்க நினைக்க எனக்கு அழுகை வந்தது. அவளும் சைக்கிள் மேலேயே உட்கார்ந்து அழுதாள். முதல் தடவையாக ஒரே ரூமில் அழுதோம்.

அதன்பிறகு என் மனது தலைகீழாக மாறிவிட்டது. இவள் இந்தப் பந்தயத்தை ஓட்டியே ஆக வேண்டும். ஓட்டாவிட்டால் என் மகன் அந்த இருட்டில் எதற்காகப் போனான் என்று யாராவது கேட்டால் நான் என்ன பதில் சொல்வேன்? நானே உருளைக்கிழங்கு வேகவைத்து அவளுக்குக் கொடுக்க ஆரம்பித்தேன். சத்தம் கேட்காத நாளில் உடம்பு சரியில்லையா என்று கேட்டேன்.

இத்தா முடிந்தது. மறுநாளே நான் கேட்டேன்.

"நாளைக்கு ரோட்டுக்குப் போவோமா? பின்னாடி நான் ஆட்டோல வரேன்."

அவள் சைக்கிள் டயரை அமுக்கிப் பார்த்தாள். பிறகு தலையாட்டினாள்.

எனக்கு இன்னொரு எண்ணமும் இருந்தது. அவன் விழுந்த இடத்தை நான் பார்த்ததில்லை. அவனை அடக்கிய கபுருஸ்தானுக்கும் பெண்கள் நாங்கள் போவதில்லை. எங்கேயாவது ஒரு இடத்தில் நின்று அவனுக்காக ஒரு துஆ கேட்க வேண்டும் போல் இருந்தது.

தெருமுனை ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிற அம்மாசி எங்களுக்கு ரொம்ப வருஷப் பழக்கம். இருட்டோடு வந்துவிட்டார். அவள் முன்னால், நாங்கள் பின்னால். காவிரிப் பாலத்தில் காற்று முகத்தில் அடித்தது. ஸ்ரீரங்கத்தில் பூக்கடைகளில் மட்டும் விளக்கு எரிந்தது. ஆட்டோ வெளிச்சத்தில் அவள் முதுகு தெரிந்தது. இதைத்தான் என் பிள்ளை தினமும் பார்த்துக்கொண்டு போனான் என்று நினைத்தேன். அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் நான் கையை வெளியே நீட்டி ஆட்டினேன்.

டோல்கேட் தாண்டி, வாளாடி வருவதற்கு முன்னால் ஆட்டோவை நிறுத்தச் சொன்னேன். அவளும் நின்றாள்.

"எந்த எடம்மா?"

"தெரியாது மாமி."

ஆமாம், அவளுக்கு எப்படித் தெரியும்? ஒரு டீக்கடை திறந்திருந்தது. இருசம்மாள் என்று ஒரு அம்மா அடுப்பு பற்ற வைத்துக்கொண்டிருந்தார். உஸாமாவின் ஸ்கூட்டரை அந்த வேன்காரர் விட்டுப் போனது அங்கேதான். கேட்டோம்.

"வண்டியத் தள்ளிட்டு வந்து நிறுத்துனாங்கம்மா. எங்கேருந்து தள்ளுனாங்கன்னு நான் பாக்கலியே. அந்தப் பக்கந்தான், எங்கயாச்சும் இருக்கும்."

அந்தப் பக்கம் என்றால் ரோடு முழுவதும் அந்தப் பக்கம்தான். வாய்க்கால், வயல், கரண்டுக் கம்பம், மறுபடி வயல். ஷஹனாஸ் ஒவ்வொரு கம்பத்துக்கும் கீழே போய்த் தரையைப் பார்த்தாள். மாதக் கணக்கான பிறகு தரையில் என்ன இருக்கும்? போனை எடுத்து டார்ச் அடித்துக் குனிந்து குனிந்து பார்த்தாள். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

ஒரு புங்கமரத்துக்குக் கீழே போய் நின்றேன்.

"இதுதான்" என்றேன்.

"எப்படி மாமி சொல்றீங்க?"

"பெத்தவ. எனக்குத் தெரியாதா?"

பச்சைப் பொய். அவள் நம்பினாளா என்று தெரியாது. பக்கத்தில் வந்து நின்றாள். இரண்டு பேரும் கையேந்தினோம். நான் துஆவை முடித்த பிறகும் அவள் கையை இறக்கவில்லை.

"சரி, ஏறு" என்றேன். "லால்குடி வரைக்கும் போ. நாங்க பின்னாடியே வரோம்."

ஏறினாள். ஆட்டோ விளக்கு அவள் முதுகில் விழுந்தது. நாலு மிதி மிதித்தாள், திரும்பிப் பார்த்தாள். இரண்டு மிதி, மறுபடி. பிறகு முன்னால் பார்ப்பதையே விட்டுவிட்டாள். சைக்கிள் வளைந்து வாய்க்கால் பக்கம் போனது. "அம்மா, அம்மா!" என்று அம்மாசி கத்தினார். அவள் காலை ஊன்றி நின்றுவிட்டாள். நான் இறங்கி ஓடினேன்.

"முடியல மாமி. பின்னாடி வெளிச்சம் வந்தாலே முடியல. ரூமுக்குள்ள சரியா வந்துச்சு. இங்க வரல."

"போகப் போகச் சரியாயிடும்மா."

"நீங்க முன்னாடி போங்க. உங்களப் பாத்துக்கிட்டே நான் பின்னாடி வரேன். அப்படின்னா என்னால ஓட்ட முடியும்."

"அப்ப பந்தயத்துலயும் அப்படியே வரோம். முன்னாடி போறோம்."

"பந்தயத்துல வண்டி பின்னாடிதான் வரணும். முன்னாடி போனா சேத்துக்க மாட்டாங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டு சைக்கிளைத் திருச்சிப் பக்கம் திருப்பினாள்.

"போதும் மாமி. வீட்டுக்குப் போயிடலாம். அத்தாவுக்குப் போன் பண்ணி நாளைக்கு வரச் சொல்லிடுறேன்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எந்தப் பந்தயத்தை நான் சபித்தேனோ அதுதான் இவளை என் வீட்டில் பிடித்து வைத்திருந்தது. இரு என்று எந்த வாயால் சொல்வேன்? இருபத்தொன்பது வயசுப் பெண்ணை என்னோடு உட்காரச் சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? போகாதேம்மா என்று நெஞ்சு முழுக்கக் கத்தியது.

ஆட்டோவில் பின்பக்கம் பார்த்து ஒருக்களித்து உட்கார்ந்துகொண்டேன். அவள் பின்னால் வந்தாள். இப்போது சைக்கிள் நேராக வந்தது, ஆட்டம் இல்லாமல். கொள்ளிடம் பாலம் வந்துவிட்டது. அதைத் தாண்டினால் ஸ்ரீரங்கம், அப்புறம் காவிரி, அப்புறம் வீடு. எல்லாம் இவ்வளவு கிட்டவா இருக்கின்றன?

"மெதுவாப் போங்க அம்மாசி" என்றேன்.

"இதுக்கு மேல மெதுவாப் போனா வண்டி நின்னுடும்மா."

"நிக்கட்டும்" என்றேன்.