போனில் இருக்கும் அம்மா

பொலிவியாவில் எங்கள் லா பாஸ் நகரத்துக்குக் கேபிள் கார் வந்தபோது நான் ஊரில் இல்லை. ஆனாலும் சிவப்புத் தடம், மஞ்சள் தடம், நீலத் தடம் என்று ஒவ்வொன்றும் திறந்த புதிதில் நான் அதில் போயிருக்கிறேன். என் மகள் தனிட்சா போனைக் கண்ணாடி ஜன்னலோடு ஒட்டிப் பிடித்துக்கொள்வாள். ஸ்பெயினில், வலென்சியாவில், நான் வேலைக்கு இருந்து கவனித்துக்கொண்ட ஒரு கிழவியின் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்தபடியே நான் எங்கள் ஊர்க் கூரைகளுக்கு மேலே போய்க்கொண்டிருப்பேன்.

அந்தக் கேபிள் கார் பெட்டியில் ஏறுகிறவர்கள் முன்பின் தெரியாதவர்களுக்கும் வணக்கம் சொல்லிவிட்டுத்தான் உட்காருவார்கள். போனில் என் முகத்தைப் பார்த்தால் எனக்கும் ஒரு வணக்கம் உண்டு. அம்மாவா, எங்கே இருக்கிறார் என்று விசாரிப்பார்கள். ஸ்பெயினில் என்பாள் என் பெண், ஏதோ பக்கத்துத் தெரு என்பதைப்போல. பள்ளிக்கூடம் விட்டு மேலே எல் ஆல்ட்டோ மேட்டில் இருக்கும் வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை அவள் வாய் ஓயாது. கணக்கு டீச்சர், சிநேகிதிகள், சண்டை, சமாதானம், எல்லாம் என்னிடம் வந்துவிடும். அந்தக் கிழவிக்குக்கூட என் பெண்ணின் சிநேகிதிகள் பெயர் மனப்பாடம்.

அவளை என் அக்கா ஹுஸ்தாவிடம் விட்டுவிட்டு நான் விமானம் ஏறியபோது அவளுக்கு முன்பல் விழுந்திருந்தது. அப்பன்காரன் அதற்கு முன்பே சிலே எல்லையைத் தாண்டிப் போனவன், போனவன்தான். எனக்கு ஸ்பெயினில் தங்குவதற்கான தாள்கள் கிடைக்க வருஷக்கணக்காயிற்று. கிடைத்த நேரத்தில் கிழவி படுத்த படுக்கை. நடுவில் ஒரு தடவைகூட வர முடியவில்லை. இதற்காக யாரும் எனக்குப் புத்தி சொல்ல வேண்டாம். என் கைகளைப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

இந்த ஜூன் மாதம், எங்கள் ஊரின் நடுக்குளிரில் வந்து இறங்கினேன். தனிட்சாவுக்குப் பதினைந்து வயது. என்னைவிட ஒரு தலை உயரம். விமான நிலையத்தில் என் கன்னத்தில் ஒரு முத்தம் வைத்தாள், அக்காவின் சந்தை வாடிக்கைக்காரர்களுக்கு வைப்பதைப்போல. பயணம் எப்படி இருந்தது என்று கேட்டாள். பிறகு அக்காவின் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

கிழவியின் மகள் ஆகஸ்ட் முடிவதற்குள் பதில் சொல்லச் சொல்லியிருந்தாள். நான் திரும்பி வருகிறேனா, வேறு ஆள் பார்க்கட்டுமா என்று. திரும்பிப் போகிற எண்ணமே எனக்கு இல்லை. என் பெண்ணோடு ஒரே கூரைக்குக் கீழே அவளுக்கு அம்மாவாக இருக்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

அந்த ஒன்றுதான் நடக்கவில்லை. போனில் "நீ, வா, போ" என்று உரிமையாகப் பேசியவள் வீட்டில் என்னை "நீங்க" என்றாள். அம்மா என்று கூப்பிடவே இல்லை. "இங்க பாருங்க" என்றோ, எதுவும் சொல்லாமல் எதிரில் வந்து நின்றோ சமாளித்தாள். பள்ளிக்கூடம் எப்படி என்று கேட்டால் நல்லா இருக்கு என்பாள். சாப்பிட்டாயா என்றால் சாப்பிட்டேன் என்பாள். நான் வாங்கி வந்த புதுப் போன் பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை. திரையில் விரிசல் விழுந்த பழையதையே வைத்துக்கொண்டிருந்தாள். ஒன்றாகக் கேபிள் காரில் போனால் ஜன்னலைப் பார்த்தபடி வருவாள். ஏறுகிறவர்களுக்கு இரண்டு பேரும் வணக்கம் சொல்வோம். அதோடு எங்கள் பேச்சு முடிந்துவிடும்.

எனக்குப் பொறுமை குறைச்சல். ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் வெடித்துவிட்டேன். நான் என்ன வீட்டுக்குக் குடக்கூலிக்கு வந்தவளா, முகம் கொடுத்துப் பேசினால் என்ன குறைந்துபோய்விடும் என்று கத்தினேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவிவைத்தாள். என் தட்டையும் சேர்த்துக் கழுவினாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மேல்சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிட்டேன்.

கோபத்தில் எந்த நிறத் தடத்தில் ஏறினேனோ தெரியாது, பாதி ஊரைத் தாண்டி வேறெங்கோ இறங்கி நின்றேன். வழி கேட்கத்தான் தனிட்சாவுக்கு வீடியோ கால் போட்டேன். திரையில் அவள் முகம் வந்தது. என் பின்னால் தெரிந்த நிலையத்தைப் பார்த்ததும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஐயோ அம்மா, அங்க எதுக்கும்மா போன? எத்தன தடவ காட்டியிருக்கேன் உனக்கு, மஞ்சள்ல ஏறக்கூடாதுன்னு."

அம்மா. நான் அப்படியே அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். வழி சொன்னவள் பேச்சை நிறுத்தவில்லை. வேதியியலில் தோற்றது, அதை அக்காவிடம் மறைத்தது, மௌரோ என்று ஒரு பையன், அவன் இவளுடைய சிநேகிதியோடு சுற்றுவது, அதற்காக இவள் பள்ளிக் கழிப்பறையில் அழுதது, எல்லாவற்றையும் கொட்டினாள். இரண்டு மாதமாக அதே வீட்டில் அவளுக்கு எதிரே உட்கார்ந்து சூப் குடித்தவளுக்கு இதில் ஒன்றுகூடத் தெரியாது.

வீட்டுக்கு ஓடினேன். மௌரோ விஷயத்தை விட்ட இடத்திலிருந்து பேசலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் எழுந்து நின்று, "வந்துட்டீங்களா? சாப்பாடு எடுத்து வைக்கட்டுமா?" என்றாள்.

அதற்குப் பிறகு மானத்தைப் பார்க்கவில்லை. தினமும் மதியம் ஏதாவது சாக்குச் சொல்லிக் கிளம்பிவிடுவேன். ஒரு பெட்டியில் ஏறி உட்கார்ந்து அவளை அழைப்பேன். அவள் பேசுவாள், நான் கேட்பேன். வீட்டுக்கு வந்தால் இரண்டு பேரும் ஒன்றும் நடக்காததுபோல் இருப்போம். அக்காவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அக்கா காலையில் சந்தையில் அப்பி விற்கிறவள். அந்த ஊதா மக்காச்சோளக் கஞ்சிக்காக வரிசையில் நிற்கிறவர்கள் அவள் வாய்க்குப் பயந்து சில்லறையோடுதான் வருவார்கள்.

"வீட்டுக்குள்ள இருக்கற புள்ளைக்கு, வெளிய போய் போன் போடற ஒரே பொம்பள நீதாண்டி ஃபிலோ," என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு சால்வை நுனியால் கண்ணைத் துடைத்தாள்.

எனக்கு மிச்சமிருந்த ஒரே நம்பிக்கை பனி. ஒவ்வொரு குளிர்காலத்திலும் போனில் அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன், நான் வந்ததும் லா கும்ப்ரே கணவாய்க்குப் போய்ப் பனியில் விளையாடலாம் என்று. ஆகஸ்டில் ஒரு ஞாயிறு விடியற்காலை கணவாயில் பனி கொட்டிவிட்டதாக ரேடியோவில் சொன்னார்கள். ஊரே கிளம்பியது. அக்காவின் கணவர் ரூஃபோ தன் மினிபஸ்ஸை எடுத்தார். அங்கே சிக்னல் கிடைக்காது என்பது எனக்குத் தெரியும். அதனாலேயே எனக்குச் சந்தோஷமாக இருந்தது. போன் இல்லாத இடத்தில் அவளுக்கு என்னை விட்டால் வேறு அம்மா கிடையாது.

மேலே கண் கூசியது. ரூஃபோ முதலில் பூமித்தாய்க்குப் படையலாகச் சக்கரங்களுக்கும் மண்ணுக்கும் கொஞ்சம் சாராயம் ஊற்றினார். பிள்ளைகளும் பெரியவர்களும் துணி துவைக்கிற பிளாஸ்டிக் தொட்டிகளில் உட்கார்ந்து சரிவில் சறுக்கினார்கள். அக்கா ஒரு தொட்டியில் ஏறி, வழியிலேயே கவிழ்ந்து, அடுக்குப் பாவாடையெல்லாம் தலைக்கு மேலே போக உருண்டாள். தனிட்சா ஓடிப்போய் அவள் மேலேயே விழுந்து, கழுத்துக்குள் பனியைப் போட்டு, சிரித்துக் கத்தினாள்.

நானும் ஒரு கைப்பிடிப் பனியை உருட்டி அவள் முதுகில் எறிந்தேன். சரியாகப் பட்டது. அவள் திரும்பினாள். யார் எறிந்தது என்று பார்த்தாள். கையில் உருட்டி வைத்திருந்த பனியை மெதுவாகக் கீழே போட்டாள். கிட்டே வந்து என் தோளில் ஒட்டியிருந்ததைத் தட்டிவிட்டு, "உங்களுக்குக் குளிரப்போகுது, வண்டியில உக்காருங்களேன்," என்றாள்.

லா கும்ப்ரேயிலிருந்து யாரும் வெறுங்கையோடு இறங்கமாட்டார்கள். வண்டியின் முன்பக்க மூடியின் மேலே ஒரு பனிமனிதனைச் செய்து நிறுத்தி, ஹாரன் அடித்துக்கொண்டே ஊருக்குள் வருவார்கள். வீட்டு வாசல்வரை கரையாமல் கொண்டுவந்தவர்களுக்குத் தெருவில் ஒரு வாரம் பெருமை. வீட்டில் இருக்கிறவர்கள் தங்கள் தொப்பியையோ சால்வையையோ அதற்குக் கொடுப்பார்கள். தனிட்சா ஒரு பனிப்பெண்ணைச் செய்தாள், குண்டாக, இடுப்பில் கை வைத்தபடி. நான் என் கம்பளித் தொப்பியைக் கழற்றி நீட்டினேன். அவள் வாங்கினாள், ஒரு நிமிடம் கையில் வைத்திருந்தாள், பிறகு என் தலையிலேயே திரும்ப மாட்டி, காதுகளை மூடிவிட்டாள். அக்காவின் வட்டத் தொப்பியைப் பிடுங்கிப் பனிப்பெண்ணுக்கு வைத்தாள். அவள் வேண்டுமென்று செய்யவில்லை. அது எனக்குத் தெரிந்ததால்தான் வலித்தது.

ரூஃபோ பொம்மைக்குப் பின்னாலிருந்து எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். ஊருக்குள் நுழையும் முன்பே பொம்மையின் தலை சாய்ந்து, எல் ஆல்ட்டோவுக்கு ஏறும் நெடுஞ்சாலையில் முழுதும் சரிந்துவிட்டது. அக்காவின் தொப்பியை எடுக்க ரூஃபோ சாலையில் ஓட, வண்டியே சிரித்தது. நானும் சிரித்தேன்.

மறுநாள் மதியம் நீலத் தடத்தில் ஏறி அவளை அழைத்தேன். அவள் ஈரக் காலணிகளை அடுப்புப் பக்கத்தில் உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நேத்து பனிக்குப் போனோம்மா! பெரியம்மா தொட்டியோட உருண்டாங்க பாரு, பாவாடை தலைக்கு மேல. பெரியப்பா ரோட்டுல தொப்பிய தொரத்திக்கிட்டு ஓடறாரு. நீயும் வந்திருக்கணும்மா. உனக்கு எவ்ளோ புடிச்சிருக்கும் தெரியுமா?"

திரையில் அவள் முகம் மெதுவாக மாறியது.

"இல்ல... நீங்க வந்தீங்க. தெரியும். ஏதோ ஒளறிட்டேன்."

"பரவாயில்லடி. சொல்லு."

அவள் காலணியின் கயிற்றைத் திருகிக்கொண்டிருந்தாள். பிறகு தலை குனிந்தபடியே சொன்னாள்.

"கோச்சுக்காதீங்க. நீங்க வந்ததுலேருந்து எனக்கு அம்மாவ தேடுது. வீட்டுக்கு ஒருத்தங்க வந்திருக்காங்க, பாவமா இருக்கு, அவங்ககிட்ட என்ன பேசறதுன்னே தெரியல. அதையும் நான் அம்மாகிட்டதான் சொல்லணும். யார்கிட்ட போய் சொல்வேன்?"

பெட்டி ஒரு நிலையத்தில் நின்று கிளம்பியது. காய்கறி மூட்டையோடு ஏறிய ஓர் அம்மாள் எனக்கு வணக்கம் சொன்னாள். திரையைப் பார்த்து அதற்கும் ஒன்று சொன்னாள். பொண்ணா, எங்கே இருக்கிறாள் என்று கேட்டாள். எங்களுக்குக் கீழே எங்கள் வீட்டுக் கூரை போய்க்கொண்டிருந்தது, கொடியில் தனிட்சாவின் பள்ளிச் சட்டைகூடத் தெரிந்தது.

"ரொம்ப தூரத்துல," என்றேன்.

அன்று இரவே கிழவியின் மகளுக்கு வருகிறேன் என்று பதில் அனுப்பினேன். அக்கா என்னோடு பெரிய சண்டை போட்டாள். எடுத்தேன் கவிழ்த்தேன் என்று எதையும் செய்யாதே, இன்னும் ஒரு வருஷம் இரு, பழகிவிடும் என்றாள். பழகும்தான். நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதுவரை என் பெண் அம்மா இல்லாமல் இருக்க வேண்டும். முன்பல் விழுந்த வயதில் ஒரு தடவை அப்படி இருந்திருக்கிறாள். இன்னொரு தடவை அதை அவளுக்குச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. அவளை விட்டுப் போவது எனக்குத்தான் கஷ்டம். அது என் பாடு.

விமான நிலையத்தில் அவள் மறுபடியும் என் கன்னத்தில் ஒரு முத்தம் வைத்தாள். ஜாக்கிரதையாகப் போங்கள் என்றாள். அக்காதான் என்னைக் கட்டிக்கொண்டு ஊளையிட்டாள். சோதனை வாசலைத் தாண்டி, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நான் பத்தடிகூடப் போயிருக்கமாட்டேன். போன் அடித்தது.

"அம்மா," என்றாள். குரல் உடைந்திருந்தது. "அம்மா, எங்க இருக்க? ஏறிட்டியா?"

"இல்லடி கண்ணு. நடந்துகிட்டு இருக்கேன்."

"அம்மா, அவங்க போயிட்டாங்கம்மா," என்று தேம்பினாள். "நான் ஒரு தடவ கூட அவங்கள கட்டிக்கல."

எனக்குப் பின்னால், கண்ணாடிக்கு அப்பால் அவள் நின்றுகொண்டிருந்தாள். போனில் கேட்ட அதே அழுகை, மெலிதாக, என் முதுகுப் பக்கமிருந்தும் கேட்டது. திரும்பினால் அவள் முகத்தைப் பார்த்திருக்கலாம். ஆனால் என்னைப் பார்த்ததும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நிமிர்ந்து நின்று, பேச்சை நிறுத்திவிடுவாள். எனக்கு அவளைத் தெரியும்.

"சொல்லுடி," என்றேன். "அம்மா கேட்டுகிட்டுதான் இருக்கேன்."

அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.