குற்றமில்லாத பல்

மார்ச் பதினோராம் நாள், செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடம். மழை அப்போதுதான் விட்டிருந்தது. வானம் தெளிவதாக இல்லை. செயற்கைப் பல் தயாரிக்கும் அந்த லேபில் நிறம் பார்க்கும் வேலை முழுவதும் பகல் வெளிச்சத்தை நம்பியே நடந்தது. தரப் பரிசோதகர் சன்னல் திரைகளை விலக்கிவிட்டுத் தம் இருக்கைக்கு வந்தார். மேசைமேல், திரும்பி வந்த சிறு பெட்டி இருந்தது. பஞ்சின் நடுவே ஒரே ஒரு முன்பல். குற்றம் என்று எதையும் சுட்ட முடியாத பல். அதைத்தான் குற்றமாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

நோயாளிகளை நேரில் பார்த்து நிறம் குறிப்பவள் கடல் கடந்த ஒரு கிளினிக்கில் இருந்தாள். பீங்கானில் பல் செய்து மெருகு ஏற்றுபவள் இங்கே இருந்தாள். இருவரும் நாள்தோறும் அரைமணி நேரம் கணினித் திரையில் பேசிக்கொள்வது வழக்கம். இங்கே காலை, அங்கே விளக்கேற்றும் நேரம். ஒருத்தியின் மொழி மற்றவளுக்குத் தெரியாது. பேச்சைத் திரையின் அடியில் மொழிபெயர்த்துக் காட்டும் வசதி இருந்தது. அதன் தமிழைப் பற்றிப் பரிசோதகருக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை.

அங்கிருப்பவளை லேபில் எல்லாரும் அக்கரைக்காரி என்றார்கள். மெருகுக்காரி மட்டும் அவளை அக்கா என்றாள்.

அந்தச் சொல் அதுவரை ஒருவருக்கே உரியதாக இருந்தது. வேலைக்குச் சேர்ந்த நாள்முதல் மெருகுக்காரி பரிசோதகரைத்தான் அக்கா என்று அழைத்தாள். பக்கத்து இருக்கையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். வீடு பார்ப்பதானாலும் கணவனோடு சண்டை போடுவதானாலும் அவரைக் கலந்துகொண்டே செய்தாள்.

"அக்கா, அங்க ஒரே பனியாம். கதவத் திறக்க முடியலையாம்," என்றாள் ஒருநாள்.

"எந்த அக்காகிட்ட சொல்றே?"

"உங்ககிட்டதான். வேற யாரு இருக்கா?"

"இல்ல, ஒருத்திக்கு ரெண்டு அக்கா ஆயிட்டோமே, அதான் கேட்டேன்."

மெருகுக்காரி சிரித்தாள். பரிசோதகர் சிரிக்கவில்லை. அன்றுமுதல் வேலைக்கு வேண்டிய சொற்களை மட்டும் பேசினார். பிறகு அவற்றையும் குறைத்துக்கொண்டார்.

பேச்சு அப்படி நின்றிருந்த ஒரு நாளில்தான் அந்த முன்பல் அவர் கைக்கு வந்தது. உருப்பெருக்கியில் பார்த்தபோது, இடப்புற ஓரத்தில் மயிரிழை போன்ற கீறல் ஒன்று மேலிருந்து கீழாக ஓடியது. வேறு நாளாக இருந்தால் தலையைத் திருப்பி, "என்னடி இது?" என்று கேட்டிருப்பார். அன்று மெருகுக்காரி திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். தன் கணவனுடைய குறட்டையைப் பற்றி, பரிசோதகருக்கே தெரியாத ஒரு செய்தியை அக்கரைக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். பரிசோதகர் கேட்கவில்லை. கீறலைத் தேய்த்து அழித்தார். தாமே மெருகு பூசி உலையில் வைத்து எடுத்தார். பெட்டியை ஒட்டி அனுப்பினார்.

கீறல் தவறி விழுந்ததன்று. பல்லுக்கு உரிய முதியவரின் பக்கத்துப் பல்லில் அப்படியொரு கோடு இருந்தது. இரண்டும் ஒத்திருக்க வேண்டுமென்று அவர் கேட்டிருந்தார். இதை அக்கரைக்காரி மெருகுக்காரியிடம் திரையில் சொல்லியிருந்தாள், எழுத்தில் தரவில்லை.

முதலாளி முந்தைய நாளே பேசியிருந்தார். "வாயால சொன்னா இப்படித்தான். இனிமே எல்லாத்தையும் எழுதியே அனுப்பச் சொல்லிட்டு, இந்த தினசரி அரட்டைய நிறுத்திடலாமா? நீங்க சொல்றதுதான் முடிவு. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்கம்மா."

'அழைப்பை நிறுத்தலாம்' என்ற இரண்டு சொற்கள் போதும். பரிசோதகர் அவற்றை மனத்துக்குள் பலமுறை எழுதிப் பார்த்துவிட்டார். பிழை ஒன்றும் தென்படவில்லை. கீறலை அழித்தது யார் என்று எவரும் இதுவரை கேட்கவும் இல்லை.

பக்கத்து மேசையில் கணினி ஒலித்தது. மெருகுக்காரி உலையறையில் இருந்தாள். பரிசோதகர் எழுந்து போய் அழைப்பை ஏற்றார்.

திரையில் அவர் வயதையொத்த ஒருத்தி தெரிந்தாள். உருப்பெருக்கியை, அவரைப் போலவே, நெற்றிக்கு மேலே தள்ளிவிட்டிருந்தாள். அதுவும் பரிசோதகருக்குப் பிடிக்கவில்லை.

"நீங்கள் பெரிய அக்கா," என்று அடியில் எழுத்து ஓடியது.

"யாரு சொன்னா?"

"அவள். எப்போதும் நீங்கள்தான். இந்த வெள்ளையை அக்கா ஒப்புக்கொள்ளமாட்டார். இந்த விளிம்பை அக்கா விடமாட்டார். தினமும் இதையேதான் கேட்கிறேன். எனக்குச் சலித்துவிட்டது."

சொன்னவள் சிரிக்கவில்லை. உதட்டோரத்தில் இருந்த இறுக்கத்தைப் பரிசோதகர் அடையாளம் கண்டுகொண்டார். அது அவருக்குப் பழக்கமான இறுக்கம்.

"கீறலை நீக்கியது நீங்களா?"

"நான்தான்."

"நினைத்தேன். அவளுக்கு இவ்வளவு சுத்தமாகச் செய்ய வராது. முதியவர் கண்ணாடியைப் பார்த்தார். இது வேறு யாருடைய வாயோ என்றார். வீட்டில் எவரிடமும் வாய் திறப்பதில்லை. நீங்கள் ஏன் அவளைக் கேட்கவில்லை?"

"நாங்க பேசிக்கிறதில்ல."

"யாரால்?"

"உன்னாலதான்!"

நினைத்ததை வாய்விட்டுச் சொல்லிவிட்டதை அவர் உணர்வதற்குள் மொழிபெயர்ப்பு தன் கடமையைச் செய்துவிட்டது. அக்கரைக்காரி படித்தாள். மறுபடியும் படித்தாள். பிறகு தோள் குலுங்கச் சிரித்தாள்.

"நல்லது. எனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்திருந்தேன்."

தட்டோடு வந்த மெருகுக்காரி வாசலிலேயே நின்றுவிட்டாள். "என்ன, ரெண்டு அக்காவும் என்னை விட்டுட்டுப் பேசிக்கிறீங்க?"

அந்தக் குரலில் லேசாக ஒரு கசப்பு இருந்தது. பரிசோதகர் அதைக் கவனித்தார், வருந்தவில்லை.

"அந்தப் பல்லுல இருந்த கீறல நான்தான்டி அழிச்சேன். திரும்பப் போட்டுக் குடு."

"நீங்களா? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருக்கலாம்."

"அவ்வளவுதானா?"

"வேறென்ன, காலில விழணுமா? வேலையப் பாரு. மறுபடி மழை மூடுது, வெளிச்சம் போகுது."

மெருகுக்காரி தட்டை வைத்துவிட்டு நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டாள்.

பரிசோதகர் தம் மேசைக்குத் திரும்பித் தாளை எடுத்தார். கீறலை நீக்கியவர் தரப் பரிசோதகர் என்றும், உரியவரைக் கேட்காமல் நீக்கினார் என்றும், அழைப்பு தொடர வேண்டும் என்றும் எழுதினார். படித்துப் பார்த்தார். பிழை இல்லை, ஆனால் நிறைவும் இல்லை. இன்னொரு வாக்கியம் சேர்த்தார்: 'இனி எல்லா அழைப்புகளிலும் தரப் பரிசோதகர் உடன் அமர்வார், அவருடைய நாற்காலி நடுவில் இருக்கும்.' கையெழுத்திட்டார். மை உலரும்வரை காத்திருந்து, எழுந்து போய், முதலாளியின் கையில் கொடுத்தார்.