பால் மாவுக் கடைக்கு இன்னோர் ஆள்

சுதந்திரம் வந்த மறுவருடம், கைக்குழந்தைக்காரிகளுக்குச் சர்க்கார் கொடுக்கும் இலவசப் பால் மாவை வழங்கும் உரிமையைத் தன் கடைக்கு வாங்கிவிடச் சிங்காரம் தலைகீழாக நின்றார். மலாய் நாட்டில், காஜா பேராங்கில் அவருக்கு மளிகைக்கடை. மாவில் ஒரு காசு லாபம் கிடையாது என்று தெரிந்துதான் மனுப் போட்டார். மனைவி இறந்த பிறகு, கடைக்கு வருகிறவர்கள் சாமானை வாங்கியதும் நடையைக் கட்டினார்கள். பால் மாவு என்றால் பெண்கள் பிள்ளைகளோடு வந்து காத்திருப்பார்களே! பேச்சுத் துணை வேண்டாமா மனிதனுக்கு? எலி நுழையாதபடி தரைக்குச் சிமெண்டு பூசினார். தராசுக்கு முத்திரை வாங்கினார். வந்தவர்கள் உட்கார வாசலில் நீளமாகப் பெஞ்சும் போட்டார்.

சோதிக்க வந்த இளம் அதிகாரி தரையைத் தட்டிப் பார்த்துத் தலையாட்டினார்.

"எல்லாம் நல்லா இருக்குண்ணே. நீங்க கிடங்குக்கு மாவு எடுக்கப் போற அன்னிக்குக் கடைய யாரு பாத்துக்குவா? மூடக் கூடாது, ரூல்ஸு அப்படி."

'தனலட்சுமி' என்று நாக்கு நுனிவரை வந்த மனைவியின் பெயரைச் சிங்காரம் விழுங்கிக்கொண்டார்.

"தம்பி, மச்சான், பக்கத்து வீட்டுக்காரங்க... யாராச்சும் இருப்பாங்கல்ல? ஒரு பேரு சொல்லுங்கண்ணே, போதும். எழுதிக்கிறேன்."

சிங்காரம் பளபளவென்றிருந்த தராசுத் தட்டை மறுபடி துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

அதிகாரி பேனாவை மூடிவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அடுத்த கடைக்குப் போனார்.

சிங்காரம் புதுப் பெஞ்சில் போய் உட்கார்ந்து தன் கடையைப் பார்த்தார். திறந்துதான் கிடந்தது. கல்லாவில் ஆளைக் காணோம்.