மீட்டர் ஓடாத அறை

ஈரத் தலையோடு வகுப்புக்குப் போனால் என்ன, குடியா முழுகிவிடும்? வெயில் இருக்கிறது, காற்று இருக்கிறது, மொட்டைமாடிக்கு இன்னும் யாரும் பூட்டுப் போடவில்லை.

இப்படித் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அவள் ஹேர் டிரையரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி இரண்டு மாதம் ஆகிறது. விடுதியில் போட்டி அறிவித்த நாள் அது. ஒவ்வொரு அறைக் கதவுக்கு மேலும் ஒரு மீட்டர் உண்டு. இரண்டு மாதத்தில் எந்த அறையில் மின்சாரம் மிகக் குறைவாகச் செலவாகிறதோ, அந்த அறைக்காரர்களுக்கு அடுத்த வருடம் மூன்றாம் மாடியின் மூலை அறை. இரண்டு பக்கமும் ஜன்னல். இப்போதைய அறையின் ஒரே ஜன்னல் பக்கத்துக் கட்டடத்தின் சுவரைப் பார்த்துத் திறந்தது. நடுப்பகலிலும் விளக்கைப் போட்டால்தான் புத்தகத்தில் எழுத்து தெரியும்.

பரிசுக்காகத்தான் ஆரம்பித்தாள். அதை அவள் தன்னிடம் மறைத்ததில்லை. சட்டைகளை மடித்து மெத்தைக்கு அடியில் வைத்துப் படுத்தாள். காலையில் இஸ்திரி போட்டது போலவே இருந்தன, ஒரு பக்கம் மட்டும். மாடிப்படி வெளிச்சத்தில் உட்கார்ந்து படித்தாள். லேப்டாப்பை மூடிவிட்டுப் பழைய தாள்களின் வெற்றுப் பக்கங்களில் குறிப்பு எழுதினாள். எந்த நாளில் என்று தெரியவில்லை, மீட்டரை அண்ணாந்து பார்ப்பது நின்றுபோயிற்று. மொட்டைமாடியில் முடி காய்கிற அந்த அரை மணி நேரம், யாருக்கும் பதில் சொல்லவேண்டாத நேரமாக இருந்தது. அது தனக்கு இவ்வளவு பிடிக்கும் என்று அவள் எதிர்பார்த்திருக்கவில்லை.

அறைத்தோழிக்கு விடுதி வைத்த பெயர் ரேடியோ. அவளும் மாறிவிட்டாள் என்றுதான் இவள் நினைத்திருந்தாள். சுருக்கமே இல்லாத சட்டை, எப்போதும் முழு சார்ஜில் போன். எப்படிடி என்று கேட்டால், “எல்லாம் மனக்கட்டுப்பாடு” என்பாள்.

போட்டியின் கடைசி நாள் மதியம், இவள் ஸ்டேப்ளர் கேட்டுப் பக்கத்து அறைக்குப் போனாள். அங்கே கட்டிலில் ரேடியோவின் நீலச் சட்டை இஸ்திரிச் சூடு ஆறாமல் விரிந்து கிடந்தது. ரேடியோவின் லேப்டாப், ரேடியோவின் போன், இரண்டும் சார்ஜில்.

“உன் ஆளு குடித்தனமே இங்கதான் நடத்துறா, தெரியாதா?” என்றாள் அந்த அறைப் பெண். “எங்க மீட்டர் ஓடுற ஓட்டத்துக்குப் பந்தயக் குதிரையே மூச்சு வாங்கும்.”

இவளுக்குச் சிரிப்பு வந்தது. அதுதான் கஷ்டமாக இருந்தது.

அறைக்குத் திரும்பிக் கேட்டபோது ரேடியோ அசரவில்லை. “நம்ம மீட்டர் ஓடக்கூடாது, அவ்ளோதான ரூலு?”

“ரெண்டு மாசமா ஈரத் தலையோட தும்மிக்கிட்டு இருந்தேனேடி.”

“அதனாலதான் எல்லாரும் நம்புறாங்க. உன் தும்மல்தான் நமக்கு சாட்சி.”

மறுபடியும் சிரித்துவிட்டாள். இவளிடம் கோபப்படுவது எப்படி என்று யாராவது சொல்லிக் கொடுத்தால் தேவலை.

சாயங்காலம் வார்டன் வந்தார். ஒரு தாளை மேசையில் வைத்து, அது பறக்காமல் மூலை அறைச் சாவியை மேலே வைத்தார். “குறைச்சல் கரண்ட் உங்களுதுதாம்மா. கையெழுத்துப் போட்டுட்டு சாவிய எடுத்துக்கோங்க.”

மின்சாரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தினோம் என்று ஒரே வரி. ரேடியோ அடியில் இரண்டு கோடு இழுத்துக் கையெழுத்திட்டாள். பேனா இவள் கைக்கு வந்தது. அந்த வரியில் பாதி உண்மை. பாதிக் கையெழுத்துப் போட முடியுமா? அந்த அறையில் மேசையை எந்த ஜன்னலோரம் போடுவது என்றுகூட முடிவு செய்து வைத்திருந்தாள். தோழியைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. தினமும் மாடியில் உட்கார்ந்திருந்த அந்த அரை மணி நேரத்தை இந்த வரிக்குக் கீழே கொண்டுவந்து வைக்கவும் மனம் வரவில்லை.

“என்னம்மா யோசனை? சொத்தையா எழுதி வாங்குறேன்?”

ரேடியோ மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்தாள்.

அவள் பேனாவை மூடினாள்.

“நான் போடல மேடம்.”

தாளையும் சாவியையும் சேர்த்து வார்டன் பக்கமாக மெல்ல நகர்த்தினாள். வரும்போது அவர் உள்ளங்கையில் பிடித்திருந்த சாவி, விரலுக்கு இன்னும் இளஞ்சூடாக இருந்தது.