ம போய் க வந்த வாரம்

அவருக்குப் பகலில் ஒரு தொழில், வீட்டுக்கு வந்தால் ஒரு பைத்தியம். தொழில், பொய்ப்பல் செட் செய்வது. மெழுகில் ஈறு செதுக்கி, பல்லை ஒவ்வொன்றாக நட்டு, மேல்வரிசையும் கீழ்வரிசையும் ஒன்றையொன்று சரியாகக் கடிக்கின்றனவா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றி மாட்டிய கையோடு அதே வேலையைச் சொற்களை வைத்துச் செய்ய உட்கார்ந்துவிடுவார். ஒரு வாரப் பத்திரிகையில் கடைசிப் பக்கத்துக்கு முந்தைய பக்கத்தில் வரும் குறுக்கெழுத்துப் புதிர் அவருடையது.

அச்சுக்குப் போகுமுன் புதிரைப் போட்டுப் பார்ப்பது மனைவியின் பொறுப்பு. கல்யாணமான புதிதில் ஏற்பட்ட வழக்கம் அது. அவள் உட்கார்ந்து போடும்போது அவர் பக்கத்தில் இருக்கக் கூடாது. விடையை முகத்திலேயே எழுதி ஒட்டிக்கொள்கிற மனிதர் அவர். அதனால் அடுத்த அறைக்குப் போய் துணிக்கு இஸ்திரி போடுவார். ஒரு சட்டையின் காலரைத் தாண்டிக் கைக்கு வருவதற்குள் "முடிச்சாச்சு!" என்று இங்கிருந்து குரல் வந்துவிடும். அவரும் பெட்டியை அணைத்துவிட்டு ஓடி வருவார். மீதித் துணி எல்லாம் அவள் தலையில்.

"நல்லா இருக்கா?"

"ரொம்ப நல்லா இருக்கு."

"கஷ்டமா இல்லையே?"

"இதுல என்னங்க கஷ்டம்?"

இந்தப் பதிலை நம்பித்தான் வாரா வாரம் புதிர் அச்சேறியது. இரண்டு பேரும் சேர்ந்து கோட்டை விட்டது இந்த இடத்தில்தான்.

பத்திரிகைக்குப் புது ஆசிரியர் வந்தார். முகம் காட்டாமல் போனிலேயே காரியத்தை முடிக்கிறவர். சரியான விடை எழுதியவர்களின் பெயர்களை அடுத்த இதழில் போடுவது அந்தப் பத்திரிகையின் வழக்கம். கொஞ்ச நாளாகப் போடுவதற்குப் பெயரே இல்லை என்று அவர் சொன்னார்.

"ஒருத்தருக்குமா வரல?" என்று இவர் கேட்டது சமையலறை வரைக்கும் கேட்டது.

"ஒருத்தருக்கும் வரல சார். இந்தத் தடவையும் பேர் இல்லேன்னா அந்தப் பக்கத்துல அழகுக் குறிப்பு போட்டுடலாம்னு இருக்கேன். கோவிச்சுக்காதீங்க."

போனை வைத்துவிட்டு வந்தவரின் முகம் தொங்கிப்போயிருந்தது. "ஜனங்களுக்கு யோசிக்கவே சோம்பல்," என்றார். "உனக்கு எல்லாமே உடனே வருதே!" அவளும் தலையை ஆட்டினாள். ஆட்டினாளே தவிர, மனசுக்குள் முள் மாதிரி ஏதோ குத்தியது. பல்செட்டு சரியில்லை என்று திரும்பி வந்தால்கூட அவர் இப்படி உடைந்துபோனதில்லை.

அந்த வாரப் புதிர் தயாராக இருந்தது. அவர் போட்டதிலேயே குறும்பான புதிர் அது. தலைப்பு, "ம போய் க வந்தது." நட்சத்திரம் போட்ட குறிப்புகளுக்கு விடை கண்டுபிடித்து, அதன் முதல் எழுத்தில் இருக்கும் மகரத்தை எடுத்துவிட்டுக் ககரத்தைப் போட்டுக் கட்டத்தில் எழுத வேண்டும். மலர் என்று விடை வந்தால் கலர் என்று எழுத வேண்டும். மாலை வந்தால் காலை. முடி வந்தால் குடி. புள்ளி வைத்த எழுத்துக்கும் தனிக் கட்டம் உண்டு. அவள் வழக்கம்போல ஒரே மூச்சில் முடித்துவிட்டிருந்தாள். ஆனால் இந்தத் தடவை கட்டங்களை நிரப்பாமல் அதை ஒரு நகல் எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.

அவள் வேலை செய்வது கண்ணாடிக் கடையில். வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி வாங்க வருகிறவர்களிடம், மாட்டிவிட்ட பிறகு எதையாவது கொடுத்துப் படிக்கச் சொல்வார்கள். எப்போதும் கொடுக்கிற அட்டையை ஓரம் தள்ளிவிட்டு அன்று புதிரை நீட்டினாள்.

முதலில் வந்தவர் லாரி டிரைவர். எழுத்து தெளிவாகத் தெரிகிறது என்றார். நட்சத்திரம் இல்லாத ஒரு குறிப்பையும் சத்தமாகப் படித்தார். "குடையை மறந்தால் கிடைப்பது. மூணு எழுத்து." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஈரம்!" என்றார் பெருமையாக.

ஈரம் இல்லை. மனைவி. ஒரு மழை நாளில் பேருந்து நிறுத்தத்தில் குடை இல்லாமல் நின்ற ஒரு மெலிந்த ஆளுக்கு, முன்பின் தெரியாத ஒரு பெண் தன் குடையில் பாதியைக் கொடுத்தாள். அதிலிருந்துதான் எல்லாம். அந்தக் குறிப்பைப் பார்த்த மறுவிநாடியே அவள் 'மனைவி' என்று எழுதிவிட்டிருந்தாள், கூடவே ஒரு சிரிப்போடு. இப்போது டிரைவரிடம் அதை எப்படிச் சொல்வது?

அடுத்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வந்தார். "இதென்ன, நட்சத்திரம் போட்டிருக்கு. 'அம்மாவைத் துரத்தியது, ரெண்டு எழுத்து.' யாரும்மா துரத்தினது? மருமகளா?" என்று கேட்டு அவரே விழுந்து விழுந்து சிரித்தார். "மருமகள்னா கட்டம் பத்தாதே!"

துரத்தியது மாடு. காடு என்று எழுத வேண்டும். அவளுடைய மாமியாரை ஒரு தடவை தெருவில் மாடு துரத்தியது. அவர் செருப்பை விட்டுவிட்டு ஓடி வந்த கதையைச் சொல்லிச் சொல்லி வீட்டில் இன்னும் சிரிக்கிறார்கள். வீட்டுக்கு வெளியே யாருக்கு அது தெரியும்?

சாயங்காலத்துக்குள் நிறையப் பேர் படித்துவிட்டார்கள். எல்லோரும் அதே இடங்களில் நின்றார்கள். நெற்றியைச் சுருக்கினார்கள், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார்கள், கடைசியில் தங்கள் மண்டையைத்தான் குறை சொல்லிக்கொண்டார்கள். "நமக்கு அவ்வளவு அறிவு இல்லம்மா," என்று ஒருவர் தாளைத் திருப்பிக் கொடுத்தபோது அவளுக்கு முகம் சுட்டது. அவளுக்குத் தன் புத்திசாலித்தனத்தில் உள்ளூர ஒரு கர்வம் உண்டு. புதிர்களை மூளையால் போட்டோம் என்றே இத்தனை காலம் நினைத்திருந்தாள். குறிப்பைப் படித்து அவள் எதையும் கண்டுபிடிக்கவில்லை. அவரைத் தெரியும், அவ்வளவுதான். இரண்டு பேர் பேசிக்கொள்கிற பேச்சை ஊருக்கே அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். அவள் வாராவாரம் 'ரொம்ப நல்லா இருக்கு' என்று சொல்லிச் சொல்லித்தான் அந்தப் பக்கத்தைக் கெடுத்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் அவரிடம் சொன்னாள். அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

"குடைன்னா உனக்கு உடனே வந்துச்சே!"

"வராம? குடை என்னோடது. தோள்பட்டை நனைஞ்சதும் என்னோடது. லாரி ஓட்டறவருக்கு எப்படிங்க வரும்?"

"மாடு?"

"உங்க அம்மாவை மாடு துரத்தினது நாட்டு நடப்பா?"

அவர் பென்சிலையும் ரப்பரையும் எடுத்தார். பிறகு குறிப்புகளை மாற்ற உட்கார்ந்தார். மாற்றி முடித்ததும் தாளை அவள் பக்கம் தள்ளினார். அவள் அதைத் தொடவில்லை.

"இனிமே எனக்குக் காட்டாதீங்க. நான் பார்த்தா எல்லாமே சுலபமாத்தான் தெரியும். உங்க பட்டறை ஆளுங்ககிட்ட கொடுத்துப் போடச் சொல்லுங்க. நான் அச்சுல வந்ததும் பார்த்துக்கறேன்."

அவர் தாளைத் திரும்ப எடுத்துக்கொண்டார். "அப்ப நான் யாருக்குப் போடறது?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. "எனக்காகப் போட்டதாலதாங்க இந்த வினை," என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். அடுத்த அறையில் போய் நின்று அழுதாள். இதற்குப் போய் யாராவது அழுவார்களா என்று தன்னையே திட்டிக்கொண்டும் அழுதாள்.

அவர் பட்டறையில் கொடுத்தார், அங்கே உட்கார்ந்தே சில விடைகளையும் கட்டங்களையும்கூடப் புதிதாகப் போட்டார். அங்கே பல் அச்சுக்குப் பிளாஸ்டர் கலக்குகிறவருக்கு இதில் ஒரேயடியாக ருசி பிடித்துவிட்டது. இரண்டு பேரும் போனில் பேசிச் சிரிப்பதைக் கேட்டால் அவளுக்கு வயிறு எரிந்தது. தானே வலிய விட்டுக்கொடுத்த இடம்தான். இருந்தாலும், பிளாஸ்டர்காரருக்கு என்ன தெரியும் என்று முணுமுணுத்தபடியே சாப்பாடு எடுத்து வைத்தாள்.

இதழ் வந்த அன்று வேலைக்குப் போகிற வழியில் எல்லோரையும் போலக் கடையில் வாங்கினாள். குடை போய்விட்டிருந்தது. அம்மாவைத் துரத்தியது இப்போது "பால் தருவது" ஆகியிருந்தது. வாடிக்கையாளர் இல்லாத நேரமாகப் பார்த்துப் போட்டாள். விடைகள் வந்தன, ஆனால் சொந்த வீட்டில் செருப்பைக் கழற்ற இடம் கேட்டு நிற்கிற மாதிரி இருந்தது. கடைசியில் புதிதாகச் சேர்த்த ஒரே ஒரு நட்சத்திரக் குறிப்பு மட்டும் மிஞ்சியது. "நிழல் தருவது. மூன்று எழுத்து."

முதல் கட்டத்தில், விதிப்படியே, க வந்திருந்தது. கடைசியில் ம் ஏற்கெனவே விழுந்திருந்தது. நடுவில் ஒரு கட்டம் காலி.

இதைப் படிக்கிற உங்களுக்கு இந்நேரம் விடை வந்திருக்கும். மரம். எழுத வேண்டியது கரம். அன்று கண்ணாடி வாங்க வந்த ஒரு முடிதிருத்துபவர் மேசையில் கிடந்த பக்கத்தைத் தலைகீழாகப் பார்த்தே, "என்னம்மா, இதுக்கா யோசிக்கறீங்க?" என்று ஆரம்பித்தார். "சொல்லிடாதீங்க!" என்று அவள் போட்ட கூச்சலில் முதலாளி எட்டிப் பார்த்தார்.

அவளுக்கு மரம் கண்ணில் படவே இல்லை. அவர் நிழல் என்று எழுதினால் அது வெறும் நிழலாக இருக்கும் என்று அவளால் நம்ப முடியவில்லை. மடமாக இருக்குமோ, வழிப்போக்கர் ஒதுங்குவதாயிற்றே என்று பார்த்தாள். இல்லை, மனமோ? அன்றும் மறுநாளும் மண்டை காய்ந்தது. கடைசியில் பென்சிலால் லேசாக ஒன்றை எழுதி வைத்தாள். சரிதானா என்று அவளுக்கே நிச்சயம் இல்லை.

அந்த வாரக் கடைசியில் ஆசிரியர் கூப்பிட்டார். இவர் போனைக் காதில் வைத்தபடியே குதித்த குதியில் மேசையில் இருந்த டீ சிந்தியது.

"குவிஞ்சு கிடக்காம்! பேர் போட இடம் பத்தலையாம்! பக்கம் நமக்குத்தான்னு சொல்லிட்டார்," என்று அவளிடம் ஓடி வந்தார். "எல்லாருக்கும் வந்துடுச்சாம்!"

"எனக்கு வரல," என்றாள் அவள்.

அவர் நின்றுவிட்டார். "என்னது?"

"ஒண்ணு வரல. ஏதோ எழுதியிருக்கேன். தப்புன்னு நினைக்கிறேன்."

அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தை அவள் இதுவரை பார்த்ததே இல்லை. ஆசிரியர் சொன்ன சேதிக்குக்கூட அவ்வளவு வரவில்லை. "நெஜமாவா? உனக்கா? வரலையா?" நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். "எத்தனை நாள் ஏங்கியிருக்கேன் தெரியுமா? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நீ திணறணும்னு! இஸ்திரிப் பெட்டி சூடாகறதுக்குள்ள முடிச்சுட்டு வந்து நிப்ப. எனக்கு எப்படி இருக்கும்?"

"அப்பவே சொல்லியிருக்கலாமே! நடிச்சிருப்பேன்."

"அதுக்குத்தான் சொல்லல. காட்டு, எதுன்னு காட்டு."

அவள் இதழை நீட்டினாள். அவர் விரலால் தடவிக்கொண்டே வந்து அந்தக் கட்டத்தில் நின்றார். உரக்கச் சிரித்தார். "கணமா? கணம்னா எழுதியிருக்க?"

"ம எடுத்துட்டு க போடச் சொன்னீங்க. போட்டேன்."

"அப்ப நீ கண்டுபிடிச்சது…" என்று தொடங்கியவர், பாதியில் நின்றார்.

"மணம். கல்யாணம்." அவள் முந்தானை நுனியைச் சரிசெய்தபடி சொன்னாள். "எனக்கு நிழல் கொடுத்தது வேற என்ன இருக்கு, சொல்லுங்க. உங்களுக்கு வேற ஏதாவது தோணுச்சா?"

அவருக்குச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. பட்டறைத் தோழரோடு டீ குடித்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே பார்த்து, எல்லோருக்கும் வர வேண்டுமே என்று ஒரு நொடியில் எழுதிய குறிப்பு அது. இதழைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மூன்று எழுத்தையே பார்த்தார். கண் கலங்கிவிட்டது. மறைக்கவும் தெரியவில்லை.

"விடை மரம்," என்றார் கடைசியில், மன்னிப்புக் கேட்பவர் போல. "நான் வெறும் மரத்தைத்தாம்மா நினைச்சேன்."

அவள் இதழை அவர் கையிலிருந்து வாங்கி மடித்தாள்.

"ஊருக்கு மரமாவே இருக்கட்டும்," என்றாள். எழுதியதை அழிக்கவில்லை.